பேராசிரியரின் பொம்மைகள்: கே.ஜி. சுப்ரமணியனும் கைவேலையின் அரசியலும்

பேராசிரியர் ஒருவர் பொம்மை செய்து சந்தையில் வைத்து விற்றார் என்பதை நம் கலை விமர்சகர்கள் ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கே.ஜி. சுப்ரமணியனைப் (1924-2016) பற்றிப் பேச அந்தப் பொம்மைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓவியம், சுவரோவியம், சுடுமண் சிற்பம், கண்ணாடி ஓவியம், குழந்தைகள் புத்தகம், கலைக்கோட்பாடு என்று பல தளங்களில் இயங்கிய மனிதர். ஆனாலும் கலை/கைவினை என்ற எதிர்வை அவர் எங்கே உடைத்தார், எங்கே உடைக்காமல் விட்டார் என்பது அந்த மரத்துண்டுகளிலும் மணிகளிலும்தான் துலக்கமாகத் தெரிகிறது.

பரோடா பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் 1960களின் தொடக்கத்தில் 'நுண்கலைச் சந்தை' ஆரம்பமாயிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் கையால் செய்ததைச் சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்பார்கள். சுப்ரமணியன் அதற்காகப் பொம்மைகள் செய்தார். மரக்கட்டை, தோல், கயிறு, மணி. ஒரு கட்டை உடம்பாகும், இரண்டு மணி கண்ணாகும், தொங்கும் கயிறு வாலாகிவிடும். குழந்தை கையில் கொடுத்தால் அது பாட்டுக்கு விளையாடும். விமர்சகன் கையில் கொடுத்தால் இதை எந்த அலமாரியில் வைப்பது என்று முழிப்பான். 'தனித்த மேதையின் தனித்த படைப்பு' என்ற நவீனத்துவப் பீடத்திலிருந்து இறங்கி, பேரம் பேசும் மனுஷர்கள் நடுவே கலைஞன் நிற்க வேண்டியிருந்தது. இதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த கேளிக்கை என்று நினைத்தால் தப்பு. அவருடைய பாடமே இதுதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஓவியம் என்பது சித்தன்னவாசலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் என்பதால் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பம். வடகேரளத்தில் கூத்துப்பறம்பில் பிறப்பு. வளர்ந்தது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மாஹேயில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர் 1942 போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். அரசுக் கல்லூரிகளின் கதவு சாத்தப்பட்டது. 1944-இல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் போய்ச் சேர்ந்தார். அதாவது, ஓவியனாக வேண்டும் என்ற தவத்தில் போனவரல்ல. ஒரு அரசியல் தண்டனை அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே மூன்று ஆசிரியர்கள். நந்தலால் போஸ், 1938 ஹரிபுரா காங்கிரசின் பந்தலுக்காகக் குடியானவர்களையும் கைவினைஞர்களையும் வரைந்து தந்தவர். பினோத் பிஹாரி முகர்ஜி, பிறவியிலேயே பார்வைக் குறைவு. 1950களில் பார்வை முற்றாகப் போனபிறகும் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டி, தடவிப் பார்த்துப் படம் செய்தவர். ராம்கிங்கர் பெய்ஜ் - இவரிடம் பிறகு வருகிறேன். இந்த மூவரிடமும் 'வரைதல்' என்பது கண்ணின் வேலை மட்டுமாக இருக்கவில்லை. கை யோசிக்கும் என்பதை சுப்ரமணியன் கற்றுக்கொண்டது இங்கேதான். 1951-இல் பரோடாவில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு. (நம் சிறுபத்திரிகைகளின் அட்டையையும் எழுத்துருவையும் மாற்றிப்போட்ட ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். தறிக்கும் நம் பத்திரிகைகளுக்கும் இப்படி ஒரு உறவு உண்டு. யாராவது எழுதினால் நல்லது.)

தறியில் என்ன நடக்கிறது? ஊடும் பாவும் சேர்ந்து, குறைவான சில அலகுகள் இடம் மாறி மாறிக் கணக்கற்ற வடிவங்களைப் பிறப்பிக்கின்றன. லக்னோ ரவீந்திராலயத்தின் சுவரில் 1963-இல் அவர் செய்த சுடுமண் சுவரோவியம் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. 81 அடி நீளம், 9 அடி உயரம். தாகூரின் 'ராஜா' நாடகம்தான் பொருள். இருட்டறையில் இருக்கும், யாராலும் பார்க்க முடியாத அரசன். இவ்வளவு பெரிய சுவரை நிரப்பத் தனித்தனி உருவங்களை வடித்துக்கொண்டிருக்கவில்லை. சில அடிப்படை ஓட்டு வடிவங்கள். அவற்றைத் திருப்பி, அடுக்கி, இணைத்தால் ஒரு இடத்தில் தலை, இன்னொரு இடத்தில் தோள், வேறிடத்தில் வெறும் அலங்காரம். எழுத்து, சொல், பொருள் என்று படித்த நமக்கு இது புரிய நேரமாகாது. பொம்மையில் மணி கண்ணானதும் இதே இலக்கணத்தில்தான். மரபை அவர் ஒரு சொத்தாக அல்ல, மொழியாகப் பார்த்தார். மொழியைப் பேசித்தான் கற்க முடியும். அருங்காட்சியகத்தில் வைத்துக் கும்பிட்டுக் கற்க முடியாது.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி தொழிற்கலையை முன்வைத்து வளர்ந்தது, கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக வந்தபோது ஓவியமும் சிற்பமும் தலைமை இடத்துக்கு வந்துவிட்டிருந்தன. அவர் முன்னின்று 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது கைவினையும் கூடவே வந்தது. பாத்திக் துணி முதலானவற்றைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஓவியன் யாரிடமும் கைநீட்டாமல் ஓவியம் வரைந்தான். மகத்தான முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: அங்கே கைவினை சோறு போட்டது, கலை சுதந்திரமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு அழியவில்லை. சுப்ரமணியனின் பொம்மையில் கைவேலையே சிந்தனையாக இருந்தது. ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோறு பிரச்சினையாக இல்லாதவன் சோற்றுக்கான வேலையை விளையாட்டாக்குவது சுலபம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அய்யனார் கோயில் புரவிகளைச் செய்கிற வேளாரிடம் 'உங்கள் படைப்புமுறை என்ன?' என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கு மண் பிறப்போடு வந்தது, சாதியாக வந்தது. அக்ரகாரத்துப் பையன் மண்ணைத் தொட்டால் அது 'தேடல்' ஆகிறது. வேளார் வீட்டுப் பையன் தொட்டால் குலத்தொழில். சுப்ரமணியன் இளவயதில் விரும்பிப் படித்தவர்களில் ஆனந்த குமாரசுவாமியும் உண்டு. கொழும்பில் பிறந்த அந்தத் தமிழ்த் தந்தையின் மகன், 1909-இல் வெளியிட்ட 'இந்தியக் கைவினைஞன்' நூலில் பரம்பரைத் தொழிலையும் அதைக் காக்கும் சாதி அமைப்பையும் ஆன்மிக ஒழுங்காகக் காட்டினார். ஆலைகளுக்கு எதிராகக் கையை உயர்த்திப் பிடித்தவர், அந்தக் கை எந்தத் தெருவில் குடியிருக்க அனுமதிக்கப்பட்டது என்று கேட்கவில்லை. சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்துவைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதிய பிறகும் நம் கலைச் சொல்லாடலில் 'மரபு', 'வாழும் பாரம்பரியம்' போன்ற சொற்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தன. சுப்ரமணியன் 1987-இல் வெளியிட்ட கட்டுரை நூலின் பெயரும் 'வாழும் மரபு' என்றே பொருள்படும்.

ஆனால் அவரைக் குமாரசுவாமியின் வாரிசு என்று முத்திரை குத்தி ஓரம்கட்ட எனக்கு மனம் வரவில்லை. பரோடாவில் நடந்தது வேறு. நெசவு, மண், மரம் எல்லாம் அங்கே பிறப்பிலிருந்து கழற்றப்பட்டு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கற்கக்கூடிய பாடங்களாயின. குமாரசுவாமியின் கைவினைஞனுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு இருக்க முடியாது, சுப்ரமணியன் அதை மறுப்பாக அறிவிக்காவிட்டாலும். எதிர்த்திசைக்கும் சான்று உண்டு. ராம்கிங்கர் பெய்ஜ் பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் சாந்திநிகேதன் வெட்டவெளியில் அவர் நிறுத்திய சந்தால் குடும்பம் வெண்கலமல்ல, பளிங்கல்ல. சிமெண்டும் செம்புறைச் சரளையும். ஆக, கதவு இரண்டு பக்கமும் திறக்கக்கூடியதுதான். ஒரு பக்கம் எத்தனை பேர் வந்தார்கள், மறுபக்கம் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

கை யோசிக்கும் என்றேன். அது இனிமையாக மட்டுமே யோசிக்கும் என்றில்லை. 1971 வங்கதேசப் போரையொட்டி அவர் செய்த சுடுமண் புடைப்புகளில் தளபதிகள் வருகிறார்கள். மார்பு நிறையப் பதக்கம். பக்கத்திலேயே வெட்டுண்ட உடல்கள், வெற்றிச் சின்னங்களாக. ஈரக் களிமண் பலகையைக் கீறி, மடித்து, குத்தி, பிதுக்கி வேலை செய்திருக்கிறார். மண் சதையாகிவிடுகிறது. பொம்மைக்குக் கண் வைத்த அதே விரல்தான் இங்கே காயத்தைத் திறக்கிறது. பத்திரிகைச் செய்தியை 'கண்டிக்கும்' ஓவியங்கள் நம்மிடம் ஏராளம். வன்முறையைப் பொருளின் உடம்பிலேயே நிகழ்த்திக் காட்டியவை குறைவு. நெருக்கடி நிலையைப் பகடி செய்து குழந்தைப் புத்தக வடிவில் அவர் செய்த 'பேசும் முகத்தின் கதை'யும் இந்த வரிசையில் வரும். அதைக் குழந்தைகளுக்கானது என்று நம்பி வாங்கிப்போன பெற்றோர்கள் இருந்திருப்பார்கள், பாவம்.

அவருடைய மாணவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மிருணாளினி முகர்ஜி, பினோத் பிஹாரியின் மகள். தன் ஆசிரியரின் மகளுக்கே சுப்ரமணியன் பரோடாவில் ஆசிரியரானார். சுவரோவியம் கற்க வந்தவர் சணல் கயிற்றைக் கையிலெடுத்தார். தறி கிடையாது, சாயம் தோய்த்த கயிற்றைக் கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார், பூவா, தெய்வமா, யோனியா என்று பிரித்துச் சொல்ல முடியாதவை. 'இது கைவினைதானே' என்ற முணுமுணுப்பு அவரை ரொம்ப காலம் துரத்தியது. 2015-இல் டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தில் அவருடைய பெரும் மீள்பார்வைக் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். குருவின் பாணி ஒரு முடிச்சில்கூடக் கிடையாது. பொம்மைக்கு வாலாகத் தொங்கிய கயிறு இன்னொருவர் கையில் இப்படி ஆகும் என்று எந்தப் பாடத்திட்டமும் எழுதிவைத்திருக்காது.

1980-இல் சுப்ரமணியன் சாந்திநிகேதனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அந்த வருஷம்தான் ராம்கிங்கரும் பினோத் பிஹாரியும் காலமானார்கள். மாணவர்களுக்கு அவர் 'மணிதா'. ஓய்வுபெற்ற பிறகு, 1990-இல், கலாபவனத்தின் வடிவமைப்புத் துறைக் கட்டடத்து வெளிச்சுவர்களில் கறுப்பு வெள்ளையில் பெரிய சுவரோவியம் தீட்டினார். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்த்துக்கொண்டே போகலாம். வெயிலும் மழையும் தங்கள் வேலையைச் செய்தன. 2009-இல், 85 வயதில், அதே சுவர்களில் மறுபடியும் தூரிகையோடு நின்றார். பழைய படத்தைப் பிரதியெடுத்துப் புதுப்பிக்கவில்லை. புதிய படத்தை வரைந்தார்.