வாவிக்கரையில் மௌனமும் பேச்சும்

மட்டக்களப்பு வாவி தன் இரு மருங்கையும் எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிக்கின்றது. எழுவான்கரையில் தமிழூர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. இவ்வூர்களின் பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கற்கும் இடங்களுள் தலையாயது வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். 1981 ஆகஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய அந்நிறுவனம், 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

நான்கு ஆண்டுகளுள் இப்பிரதேசம் பெருந்துயரைக் கண்டது. 1990 ஆகஸ்டு 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5ஆம் திகதி, அகதிமுகாமாக மாறியிருந்த வந்தாறுமூலை வளாகத்திலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் மீளவில்லை.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரின் முன்னே இவ்விரு நினைவுகளுள் ஒன்றைச் சுமந்த மாணவர் இருத்தல் கூடும். அவர் யாது செய்தல் வேண்டும்? பேசாது விடின் வரலாறு பொய்யாகும். எண்ணாது பேசின் மாணவர் புண்படுவர். இவ்விடத்தில் உறுத்தல் வேறு, ஊறு வேறு என்பது தெளிவாதல் அவசியம். தன் சமூகத்தின் பெயரால் அயலார்க்கு இழைக்கப்பட்டதைக் கேட்கும் மாணவன் மனம் உறுத்தும். அது அறிவின் தொடக்கம். அதிலிருந்து அவனைக் காத்தல் கல்வியாகாது. ஆனால் காணாமற்போன தந்தையைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் கூறுமாறு அவனை வற்புறுத்துவதும், அவன் கூறியது வெளியிற் பரவ இடமளிப்பதும் ஊறாகும். 2006 டிசம்பர் 15ஆம் திகதி இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் இரவீந்திரநாத் அவர்களே கொழும்பிற் காணாமற்போனார். அத்தகைய சூழலில் வளர்ந்த மௌனத்தைக் கோழைமை எனல் தகாது.

மௌனத்தைக் கலைக்கும் வழிகளை இப்பிரதேசத்து மக்கள் தாமே கண்டிருந்தனர். தொண்ணூறுகளில், அதிகாரிகளிடம் விடைபெறாத தாய்மார் அம்மன் கோயிற் சடங்குகளில் தெய்வமேறி வாக்குச் சொல்வோரை நாடினர். பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வாக்குப் பலித்ததா என்பதன்று ஈண்டு வினா. வெளியிற் சொல்லவியலாத துயரைச் சொல்ல ஓர் இடமும் காலமும் இருந்தன, கேட்போர் இருந்தனர், அழுதவர் தனித்து விடப்படவில்லை என்பதே நோக்கற்பாலது.

1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத்துணையாளரான இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறார்கள் அங்கு ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், ஓவியந் தீட்டினர், கதை புனைந்து நடித்தனர். விளையாட்டும் உறவும் முன்வந்தன. துயரின் கதை பின்வந்தது.

விரிவுரை மண்டபம் கோயிலுமன்று, பூங்காவுமன்று. ஆயினும் அவற்றிலிருந்து அது கற்கத்தக்கன உள. பேசவிருக்கும் பொருளை முன்னரே அறிவித்தல் வேண்டும். எந்த மாணவரையும் அவர்தம் இனத்தின் சாட்சியாகவோ குற்றவாளியாகவோ நிறுத்துதல் ஆகாது. பேசாதிருக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் பிறர் துயரை மறுத்து இகழும் உரிமை எவர்க்குமில்லை. கலங்கிய மாணவரை வகுப்பு முடிந்ததும் மறந்துவிடாது, அடுத்த நாளும் ஆசிரியர் தேடிச் சென்று பேசுதல் வேண்டும்.

காத்தான்குடியின் துயரை வந்தாறுமூலை மாணவனும், வந்தாறுமூலையின் துயரைக் காத்தான்குடி மாணவியும் ஒரே மண்டபத்திற் கேட்டிருத்தல் எளிதன்று. அவ்வாறு கேட்க இயலும் இடமாக மண்டபத்தைக் காத்தலே இங்கு வரலாறு கற்பிப்போரின் முதற்கடன்.