மண்ணீரல் சொன்ன வரலாறு

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் பெருவழியில், குளமும் வயலும் காடும் சூழ்ந்து கிடக்கும் ஊர் ஓமந்தை. இன்று அவ்வூர்ப் பாடசாலையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு மலேரியா என்பது பாடநூலில் வரும் ஒரு சொல், அவ்வளவே. அப்பிள்ளையின் பூட்டனாருக்கோ அது ஆண்டு தவறாமல் வாசலில் வந்து நின்ற அழையா விருந்தாளி. வன்னியின் வரலாற்றை எழுதுவோர் பண்டாரவன்னியனின் வாளைப் பற்றி எழுதுகின்றனர்; இடிந்த குளக்கட்டுகளைப் பற்றி எழுதுகின்றனர். வன்னிக் குழந்தையின் மண்ணீரலைப் பற்றி எழுதுவோர் அரியர். அவ்வரலாற்றையே இங்கு நாம் நோக்க விரும்புகின்றோம்.

மலேரியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்கும்போது மண்ணீரல் வீங்குகிறது. இடப்பக்க விலாவின் கீழே விரல்களை வைத்து அழுத்தினால் அவ்வீக்கம் கைக்குத் தட்டுப்படும். 1840களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்க் கரையூர்களை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் இம்முறையைக் கையாண்டார். இரண்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமே இது நம்பத்தக்க அளவுகோல் எனப் பின்வந்தோர் கண்டனர். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்னும் கணக்கே ‘மண்ணீரல் வீதம்’ எனப்பட்டது. இலங்கையிலும் மருத்துவர்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மாவட்டந்தோறும் இவ்வீதத்தைப் பதிந்தனர். மிக உயர்ந்த வீதங்களைக் காட்டிய மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. தெளிந்த நீர்க் குட்டைகளில் முட்டையிடும் அனோபிலிஸ் நுளம்பு அவற்றிலே பெருகிற்று. ஆண்டிறுதியில் கேகாலை, குருநாகல் பகுதிகளில் வெடித்த கொள்ளைநோய் 1935இலும் நீடித்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் மாண்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அந்நிவாரணப் பணியில் நின்றனர். பட்டினி கிடக்கும் உடலுக்குக் கொயினா மட்டும் போதாது என்னும் உண்மையை அவர்கள் நேரிற் கண்டனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்த காலச்சூழல் இதுவே.

ஆனால் அக்கொள்ளைநோய் வன்னி போன்ற வரண்ட பகுதிகளை அந்த அளவுக்கு உலுக்கவில்லை. ஏன்? அங்குள்ளோரின் உடலில் நோயெதிர்ப்பு ஊறியிருந்தது என்றனர் ஆய்வாளர். உண்மைதான். ஆயினும், அந்த எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது? குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்து, பிழைத்தவர்கள் மட்டுமே அதைப் பெற்றனர். பிழையாதோர் மண்ணுள் போயினர். தெற்கே ஒரே ஆண்டில் நேர்ந்த சாவு கொள்ளைநோய் எனப்பட்டது; வன்னியில் ஆண்டுதோறும் நேர்ந்த சாவு வழக்கம் எனப்பட்டது. வழக்கம் என்ற சொல்லைப்போலக் கொடிய சொல் வேறுண்டோ?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டி.டி.ரி. வந்தது. 1946 முதல் மண் வீடுகளின் உட்சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. குருதி குடித்துச் சுவரில் இளைப்பாறும் நுளம்பு அங்கேயே மடிந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்த சிசு மரண வீதம் 1947இல் 101 ஆயிற்று. காய்ச்சல் காணாத குழந்தைகளும் இதனாற் பிழைத்தனர் என்பது கருதத்தக்கது. கருவுற்ற தாயை மலேரியா பீடித்தால் நச்சுக்கொடியில் கிருமி தங்குகிறது. சிசு எடை குன்றிப் பிறக்கிறது. தாயைக் காத்தது பிறவாத பிள்ளையையும் காத்தது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது என அறிஞர்கள் பின்னர் வாதிட்டனர். பெரும் பங்கு மலேரியாக் கட்டுப்பாட்டுக்கே உரியது என்றார் பீட்டர் நியூமன். அதன் பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்றுதான் என 1974இல் எழுதினார் கிரே. மருத்துவ சேவையின் பரவலையும் உணவையும் சுட்டினார் மீகம. இவ்வாதத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது எது? அன்று பாடசாலைகளில் பதிந்த அதே மண்ணீரல் வீதந்தான்! பெயரறியாக் குழந்தைகளின் வயிறு உலகின் விவாதத்துக்குச் சான்றாயிற்று. நுளம்பை மட்டும் கொன்றாற் போதாது, வறுமையை மட்டும் பழித்தாலும் போதாது என்பதே நாம் கொள்ளும் முடிபு.

1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேரே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பு தளர்ந்தது. 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பின்னர் போர் வந்தது. மருந்துக்கும் தடை இருந்த வன்னியில் காய்ச்சல் மறுபடி தலையெடுத்தது. 1999இல் நாட்டின் நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது; அவர்களிற் பெரும்பாலோர் போர் நடந்த மாவட்டத்தவர். ஓமந்தை என்ற பெயரே சோதனைச் சாவடியின் பெயராகிவிட்ட அக்காலத்திலும் நுளம்பு எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. அதை எதிர்த்த சுகாதார ஊழியரும் கோட்டின் இருபுறத்தும் உழைத்தனர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மறு ஆண்டே, நகரத்து நீர்த்தொட்டிகளிற் பெருகும் புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரில் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. காவல் ஓயலாகாது.

ஆசிரியர்களும் மாணவர்களுமான நண்பர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒரு கேள்வியையேனும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அன்று மண்ணீரல் வீக்கம் ‘வழக்கம்’ ஆயிருந்தது. இன்று நம் கண்முன்னே எந்தக் குழந்தையின் சோர்வை, எந்தத் தாயின் சோகையை வழக்கம் என்று சொல்லி நாம் கடந்து செல்கின்றோம்? ஒருவர் குனிந்து, அக்குழந்தையின் வயிற்றில் கைவைத்துப் பார்க்கும்வரை அது நோயென்று நமக்குத் தெரியப் போவதில்லை.