மாமியாருக்கு ஒரு பிறந்தநாள்

உங்கள் பாட்டியின் நட்சத்திரம் என்ன? டக்கென்று சொல்லிவிட்டீர்கள் என்றால் சபாஷ். சரி, பாட்டியோட அம்மாவுக்கு? போச்சா! பெயரிலேயே சந்தேகம் வந்திருக்கும். மூன்று தலைமுறை தாண்டினால் எல்லா வீட்டிலும் இதே கதிதான்.

ஆனால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெரியம்மாளின் நட்சத்திரம் நமக்குத் தெரியும். சித்திரை மாதம், கேட்டை. அந்த நாளில் கோயிலில் சிறப்பு வழிபாடு நடக்கவேண்டும், சாப்பாடு போடவேண்டும் என்று நிவந்தம் கொடுத்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தது யார் தெரியுமா? மருமகள்கள். நம்புங்கள், மாமியார் பிறந்தநாளுக்குத்தான்!

அந்த மாமியார், செம்பியன் மாதேவி. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். விபூதியும் வெண்ணிற ஆடையுமாக வருகிற முதிய அரசி. கல்கி காட்டியது கதைக்கு வேண்டிய அளவு. கல்வெட்டுகளில் இருக்கிற அம்மாள் அதைவிடப் பெரியவர்.

மழவர் குலத்துப் பெண். சோழ மன்னர் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டார். வாழ்க்கைப்பட்ட வீடோ நொந்துபோன வீடு. 949-ல் தக்கோலம் போரில் பட்டத்து இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே மாண்டுபோனார். வடக்கே தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர்கள் கைக்குப் போய்விட்டது. ராஜாதித்தரின் தம்பி கண்டராதித்தர் அரியணை ஏறினார். போரைவிடச் சிவனை அதிகம் நினைத்த மனிதர். தில்லை நடராஜர் மீது அவர் பாடிய பதிகம் இன்றைக்கும் திருவிசைப்பாவில் இருக்கிறது. 957-ஐ ஒட்டி அவரும் போய்விட்டார். கையில் சின்னப் பிள்ளையோடு அரசி தனியாக நின்றார்.

பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கொழுந்தன் அரிஞ்சயருக்குப் போனது. பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கு. 970-ஐ ஒட்டி சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலர் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு அரியணைக்கு வந்தவர் செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழர். இது போதாதா? வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரியே உத்தம சோழர் மீது சந்தேகப்பட்டார். மறுத்தவர்களும் உண்டு. 985-ல் உத்தமருக்குப் பின் பட்டம் அவருடைய மகனுக்குப் போகவில்லை. சுந்தர சோழரின் இளைய மகன் ராஜராஜருக்குப் போனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு கிளை. நடுவே ஒரு கொலை. நம் ஊரில் அரை கிரவுண்டு நிலத்துக்கே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். இங்கே ஒரு ராஜ்ஜியம்! ஆனால், அந்த வீடு உடையவில்லை. செம்பியன் மாதேவியின் பேரன், தாத்தா பெயரையே கொண்ட கண்டராதித்தன், ராஜராஜர் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக வேலை பார்க்கிறார். பாட்டியின் திருப்பணிகளும் தடையில்லாமல் தொடர்கின்றன. 1001-ல் கூட அவர் பெயர் கல்வெட்டில் வருகிறது. விதவையாக நாற்பது வருஷத்துக்கு மேல். கணவருக்குப் பின் நான்கு ராஜாக்கள்.

அந்த நாற்பது வருஷத்தில் அவர் செய்தது ஒரே வேலை. செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றினார். விருத்தாசலம், ஆடுதுறை, திருவாரூர் அசலேசம் என்று பட்டியல் நீளும். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரில் எடுத்து, அவர் சிவனை வணங்குவதுபோல் சிற்பமும் வைத்து, இது இன்னார் என்று கீழே எழுதியும் வைத்தார்.

எனக்கு அவர் மீது மரியாதை பல மடங்கு கூடிய இடம் திருக்கோடிக்காவல். பி.காம். படித்த புத்தி, கணக்கு என்றால் கண் அங்கேதான் போகும். அந்தக் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு என்றால் 90 ஆடு, 96 ஆடு கொடுப்பார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயர். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக்கூடாது. முதலில் கை வைக்காதே, வருமானத்தில் விளக்கேற்று! இதற்கெல்லாம் பத்திரம் எங்கே? கோயிலில் இருந்த கற்களில். பழைய கோயிலை இடித்தால் பத்திரமும் போச்சு. விளக்கேற்ற வேண்டியவர் ‘நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?’ என்று கேட்டால் என்ன செய்வது?

செம்பியன் மாதேவி என்ன செய்தார் தெரியுமா? பழைய கற்களில் இருந்ததைப் படித்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். இது பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்று குறிப்பும் போட்டார். அவற்றில் பல்லவர் காலத்துத் தர்மங்களும் உண்டு. எந்த ஊர் ராஜாவோ, எவர் கொடுத்த ஆடோ! சோழ குலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் பழைய பேரேட்டின் பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஏற்றுவதுபோல், ஒன்று விடாமல் ஏற்றினார். நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அடுத்தவர் நினைவை இப்படிக் காப்பாற்றியவரைக் குடும்பம் மறக்குமா? நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது, செம்பியன்மகாதேவி. அங்கே கைலாசநாதர் கோயிலில்தான் மருமகள்கள் கேட்டை நட்சத்திரத்துக்கு நிவந்தம் எழுதினார்கள். 1019-ஐ ஒட்டி ராஜேந்திர சோழர் அதே கோயிலில் அவருக்கு ஒரு படிமம் எடுத்து, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். ராஜேந்திரர் யார்? பட்டத்தைப் பெற்றுக்கொண்ட கிளையின் வாரிசு. அவருக்கு இவர் கொள்ளுப்பாட்டி முறை.

அமெரிக்காவில் வாஷிங்டன் ஃப்ரீயர் அருங்காட்சியகம் 1929-ல் ஒரு செப்புச் சிலையை வாங்கியது. மூன்றரை அடி உயரம். ஒடிசலான இடை, நீண்ட கை, அமைதியான முகம். பார்வதி என்பார்கள் சிலர். செம்பியன் மாதேவியேதான் என்பார்கள் சிலர். அது இந்த ஊர்க் கோயிலிலிருந்து போனது என்று 2022-ல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீஸ் அறிவித்தது.

சிலை கடல் கடந்து போகலாம். அதற்கு விலை உண்டு. மருமகள்கள் வெட்டிய அந்தச் சில வரிகளை யாரும் பெட்டியில் வைத்துக் கடத்தவில்லை. ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த ஊர்க்காரர்கள் சித்திரைக் கேட்டையில் அந்த அம்மாளுக்கு விழா எடுத்திருக்கிறார்கள் என்றால், காரணம் அந்த வரிகள்தான்.

வீட்டில் கல்வெட்டு வெட்ட நம்மால் முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டி நல்ல மூடில் இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் கேள்வியாக, அவர் மாமியார் பெயரைக் கேளுங்கள்.