ஒரே அமெரிக்கா, ஊருக்கொரு குறை

கடந்த ஒக்ரோபர் 31ஆம் திகதி எங்கள் வீட்டில் ஒரு சண்டை. அன்று ஹலோவீன். பத்து வயது மகள், வகுப்புப் பிள்ளைகளோடு பேய் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கப்போகிறேன் என்று நின்றாள். "உது அமெரிக்கக்காரன்ர கூத்து. எங்கட பிள்ளையளுக்குத் தேவையில்லை" என்று நான் மறித்துவிட்டேன். பிள்ளை அழுதபடியே படுத்துவிட்டது.

அடுத்த வேலைநாள் மதிய இடைவேளையில் இந்தக் கதையைச் சொன்னேன். தொழிற்சாலையில் எங்கள் மேசையில் ஐந்து பேர் இருப்போம். ஜேர்மன்காரர் ஒருவர், எல்லை தாண்டி வேலைக்கு வரும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், பென்சனுக்குக் கிட்ட நிற்கும் சிலி நாட்டுக்காரர் ஒருவர், ஈரானியர் ஒருவர், ஐந்தாவது நான்.

"நீ செய்தது சரி" என்றார் ஜேர்மன்காரர். நவம்பர் 11இல் மார்ட்டின் திருநாளுக்கு இங்கே பிள்ளைகள் கையில் விளக்குக்கூடு பிடித்துப் பாடிக்கொண்டு போவார்கள் அல்லவா? அந்தப் பழைய வழக்கத்தை அமெரிக்கப் பேய் விழுங்குகிறது என்பது அவருடைய குறை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் பிறகு மற்ற மூன்று பேரும் வாய் திறந்தார்கள். அந்த மேசையில் அமெரிக்காவைக் குறை சொல்லாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒருவர் சொன்ன குறையை மற்றவர் சொல்லவில்லை!

நான் உயர்தரத்தில் வரலாறு ஒரு பாடமாகப் படித்தவன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அன்றைய கதை மனதைக் குடைந்ததால் நூலகத்திலும் வேறு இடங்களிலும் தேடி வாசித்தேன். வாசித்ததை எங்கட சனத்தோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சாப்பாடும் ரசனையும்

பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டில்தான் தொடங்கினார். அவர்களுடைய குறையில் பாதி மேசையிலும் கோப்பையிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946இல், கடன் தள்ளுபடியோடு சேர்த்து அமெரிக்கப் படங்களுக்குத் தியேட்டர்களைத் திறந்துவிடும் உடன்படிக்கையில் பிரான்ஸ் கையெழுத்திட வேண்டி வந்தது. 1950இல் கொக்கா கோலா பற்றி அந்த நாட்டுப் பாராளுமன்றமே விவாதித்தது. வைன் உற்பத்தியாளரும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கத்தில் நின்று அதை எதிர்த்தார்கள். 1992இல் பாரிசுக்குப் பக்கத்தில் யூரோ டிஸ்னி திறந்தபோது அங்கே வைன் விற்கவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு வைன் இல்லாத சாப்பாடா? அடுத்த வருடமே டிஸ்னி இறங்கி வந்தது. 1999இல் மில்லோ என்ற ஊரில், கட்டிக்கொண்டிருந்த மக்டொனால்ட்ஸ் கடையை ஜோசே போவே என்ற விவசாயியும் தோழர்களும் கழற்றி எறிந்தார்கள். அதற்கும் காரணம் சாப்பாடுதான். ஹோர்மோன் ஏற்றிய மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்தது. பதிலுக்கு அமெரிக்கா அவர்களுடைய றொக்போர் சீஸ் மீது நூறு வீத வரி போட்டது.

ஜேர்மனியிலும் அண்மைக்காலத்தில் பெரிய சத்தம் எழுந்தது கோழியால்தான். அமெரிக்காவோடு வர்த்தக உடன்படிக்கை வந்தால் குளோரினில் கழுவிய கோழி இங்கே வந்துவிடும் என்று சனம் பயந்தது. 2015 ஒக்ரோபரில் பெர்லினில் லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள்.

ஆக, மேற்கு ஐரோப்பாவின் குறையில் ரசனை பற்றிய கவலை நிறைய உண்டு. நாங்கள் பழைய பண்பாட்டுக்காரர், அவர்கள் நேற்று வந்த பணக்காரர் என்ற நினைப்பும் அதற்குள் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒன்று: அமெரிக்காவுக்கு வெளியே மக்டொனால்ட்சுக்கு நல்ல வியாபாரம் நடக்கும் நாடுகளில் பிரான்சும் ஒன்று! ஏசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

பெயரும் நிலமும்

சிலி நாட்டுக்காரர் கோழியைப் பற்றிப் பேசவில்லை. "அமெரிக்கா என்ற பெயரையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும் அமெரிக்கன்தானே" என்றார். தென்னமெரிக்காவில் பிறந்தவர் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவர்களுடைய குறை பழையது. 1898இல் ஸ்பெயினோடு போரிட்டு அமெரிக்கா போட்டோ றிக்கோவை எடுத்தது. கியூபாவைத் தன் கைக்குள் வைத்தது. இரண்டு வருடத்தில், 1900இல், உருகுவே நாட்டு எழுத்தாளர் ஜோசே என்றிக்கே றொடோ 'ஆரியல்' என்ற நூலை எழுதினார். வடக்கே இருப்பவர்கள் லாபத்தையும் பயனையும் மட்டும் பார்ப்பவர்கள், நாங்கள் ஆன்மாவையும் அழகையும் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

1971இல் சிலியில் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் வந்தது. எழுதியவர்கள் ஏரியல் டோர்ஃமனும் ஆர்மான்ட் மற்றலாரும். வாத்துக் கதைக்குள்ளும் ஏழை நாட்டவனை ஏமாளியாகக் காட்டும் அரசியல் இருக்கிறது என்றார்கள். 1973 செப்ரெம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்த நூல் எரிக்கப்பட்டது. டோர்ஃமன் நாட்டை விட்டு ஓடினார். ஜனாதிபதி அலென்டேயின் ஆட்சிக்கு எதிராகச் சி.ஐ.ஏ. காசு செலவழித்ததை 1975இல் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணையே வெளிக்கொண்டு வந்தது.

எங்கள் மேசை நண்பரும் தாய் தகப்பனோடு அந்தக் காலத்தில் ஓடி வந்தவர்தான். அவர் போடுவது ஜீன்ஸ். கேட்பது ஜாஸ் இசை. அவருடைய கோபம் உடுப்பிலும் பாட்டிலும் இல்லை.

ஒழுக்கமும் எண்ணெயும்

எகிப்து நாட்டு ஆசிரியர் சையித் குதுப் 1948இல் படிப்புக்காக அமெரிக்கா போனார். கொலராடோ மாநிலத்தில் கிறீலி என்ற சிறிய ஊரில் சில காலம் இருந்தார். மது விற்பதே தடைசெய்யப்பட்டிருந்த அடக்கமான ஊர் அது. ஆனால் திரும்பி வந்து அவர் எழுதியது, தேவாலய மண்டபத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிய நடனம் பற்றி! ஜாஸ் இசை, தலைமயிர் வெட்டு, வீட்டுப் புல்தரை எல்லாமே அவர் கண்ணில் குறையாகப் பட்டன. அந்த ஊர்ச் சனம் தங்களைக் கட்டுப்பாடானவர்கள் என்றுதான் நினைத்திருக்கும்.

ஈரானியரின் கதை வேறு. 1951இல் எண்ணெயைத் தேசியமயமாக்கிய பிரதமர் மொசாடெக்கை 1953இல் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகள் சேர்ந்து கவிழ்த்தன. பிறகு 1962இல் ஜலால் ஆலெ அஹ்மத் என்ற எழுத்தாளர், மேற்கைக் கண்மூடிப் பின்பற்றுவது ஒரு நோய் என்று எழுதினார். 1979இல் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து 444 நாட்கள் ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஈரானியர் சொன்னார்: "அமெரிக்க அரசு செய்ததையும் மறக்கமாட்டேன். ஆனால் அமெரிக்கக் கலாசாரம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் எங்கட பெட்டையளின்ர தலையில் துணியைக் கட்டினாங்கள்." இதை அவர் ஜேர்மன் மொழியில் சொன்னார். எனக்கு அது எங்கட பாசையில்தான் கேட்டது.

எங்கட ஊர்

எங்களுக்கும் இதில் ஒரு கதை உண்டு. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி, அடுத்த வருடம் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை என்று தொடர்ந்தது. மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அமெரிக்கரும் ஆங்கிலேயருமான இந்த மிஷனரிமார் மீது எங்கட பெரியவர்கள் சொன்ன குறை சாப்பாடோ எண்ணெயோ அல்ல, சமயம். ஆறுமுக நாவலர் எதிர்த்து நின்றார். ஆனால் எப்படி நின்றார்? அவர்களைப்போலவே பிரசங்கம் செய்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்துப் புத்தகம் போட்டார். ஏசியதோடு நிற்கவில்லை. காக்க நினைத்ததைக் காக்க ஒரு வழி செய்தார்.

கோதுமை மாவை எங்கட சனம் 'அமெரிக்கன் மா' என்று சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். "அமெரிக்கன் மா உடம்புக்குக் கூடாது, குரக்கன்தான் நல்லது" என்பார் என்ர அம்மம்மா. விடிய எழும்பி பாணுக்கு வரிசையில் நிற்பதும் அவர்தான்!

இவ்வளவும் வாசித்தபின் எனக்கு விளங்கியது இதுதான். அமெரிக்க அரசு செய்தவை வரலாற்றில் பதிந்திருக்கின்றன. அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 'அமெரிக்கக் கலாசாரம்' என்று ஒருவர் குறை சொல்லும்போது, அமெரிக்காவைப் பற்றிச் சொல்வதைவிடத் தான் எதை இழக்கப் பயப்படுகிறார் என்பதைத்தான் கூடச் சொல்கிறார். பிரெஞ்சுக்காரருக்குச் சமையல். ஜேர்மன்காரருக்கு மார்ட்டின் விளக்கு. எனக்கு?

எனக்கு மார்ட்டின் விளக்கும் இல்லை. அன்றிரவு நான் எதைக் காக்கப் பிள்ளையை மறித்தேன்? யோசித்துப் பார்த்தால், மகள் என்னோடு ஜேர்மன் மொழியில் கோபிக்கிறாள் என்பதுதான் என் பயம். அதற்கு அமெரிக்கா என்ன செய்யும்? நான் பின்னேர வேலை என்று சொல்லி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவளை ஒழுங்காகக் கூட்டிப்போகாத குற்றத்தை அமெரிக்காவின் தலையில் போட்டேன்.

இன்னொன்றும் வாசித்தேன். ஹலோவீன் அமெரிக்காவில் முளைத்ததே அல்ல. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருந்து போனவர்கள் கொண்டுபோனது. 1840களில் பஞ்சத்தால் ஊரைவிட்டு ஓடிய ஐரிஷ்காரர் கடல் தாண்டும்போது தங்கள் பேய்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களைப்போல ஓடிய சனம்தான்!

இதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப நாங்களும் எங்கட பேயளைக் கொண்டு வந்தனாங்களா அப்பா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். கொள்ளிவாய்ப் பிசாசு, புளியமரத்து முனி என்று இரவு பத்து மணிவரை கதை போனது. இந்த ஒக்ரோபரில் அவள் கூட்டாளிகளோடு போகட்டும். சனிக்கிழமைகளில் நான் அவளோடு போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சண்டை வந்தால், மறிப்பதற்கு முன்னம் எதை இழக்கப் பயப்படுகிறோம் என்று ஒருக்கால் யோசியுங்கள்.