டான்வில் பையன்கள் ஹார்வர்டை வென்ற பருவம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் ஒரு சிற்றூர். அங்கே 1819இல் தொடங்கப்பட்ட சென்டர் கல்லூரியில் 1921இல் முந்நூறு மாணவர்கள்கூட இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் தோல்வியையே காணாத ஹார்வர்டு அது!

இதை அதிசயம் என்று எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வெற்றியின் வேர் தெற்கே டெக்சாஸில் இருக்கிறது.

ஃபோர்ட் வொர்த் நகரத்துப் பள்ளி ஒன்றில் அணியைப் பழக்கியவர் ராபர்ட் மையர்ஸ். சென்டர் கல்லூரியின் பழைய மாணவர். தன் பையன்களைத் தான் படித்த கல்லூரிக்கே அழைத்துப்போய் ஒரு பெரிய அணியை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. அவர்களில் போ மெக்மில்லினும் ரெட் வீவரும் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கவில்லை. கென்டக்கியின் சோமர்செட் ஊர்ப் பள்ளியில் சேர்ந்து அதை முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் நுழைந்தார்கள்.

1917இல் மையர்ஸே சென்டரின் பயிற்சியாளர் ஆனார். ஆனால், இந்தப் பையன்களின் திறமைக்குத் தன்னைவிட விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று உணர்ந்ததும், பொறுப்பைச் சார்லி மோரானிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். பல ஆண்டு உழைப்பு கைகூடும் வேளையில் இன்னொருவருக்கு இடம்விட எத்தனை பேருக்கு மனம் வரும்? இந்தக் கதையில் நான் முதலில் வணங்குவது மையர்ஸைத்தான்.

மோரான் கோடையில் தொழில்முறை பேஸ்பால் போட்டிகளில் நடுவர், இலையுதிர் காலத்தில் பயிற்சியாளர். ஆட்டத்துக்கு முன்பு அவரது அணி கூடி ஜெபம் செய்யும். அதனால் பத்திரிகைகள் அவர்களை ‘ஜெபிக்கும் கர்னல்கள்’ என்று அழைத்தன.

1920இல் முதல்முறையாக ஹார்வர்டை எதிர்கொண்டார்கள். இடைவேளையில் 14-14 என்று சமநிலை. பிற்பாதியில் மூச்சு வாங்கியது. 31-14 என்று தோற்றார்கள். ஹார்வர்டு அணித் தலைவர் ஆட்டப் பந்தை மெக்மில்லினிடம் நீட்டினார். அவர் வாங்க மறுத்து, அடுத்த ஆண்டு வந்து வென்று எடுத்துப்போகிறோம் என்றார்.

சொன்னபடியே வந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். முற்பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் உதைப்பதைவிடப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதே அதிகம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளி. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் பந்து மெக்மில்லின் கைக்கு வந்தது. ஒரு பக்கம் ஓடி, சட்டென்று திரும்பி, மறித்தவர்களிடம் சிக்காமல் 32 கஜம் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டார். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. மீதி நேரம் முழுக்க ஹார்வர்டு முட்டி மோதியும் சென்டரின் தடுப்பு உடையவில்லை. முடிவு 6-0.

டான்வில் கொண்டாடித் தீர்த்தது. ‘சி6எச்0’ என்று வேதியியல் வாய்பாடு போலச் சுவர்களில் எழுதினார்கள் மாணவர்கள். 1950இல் அமெரிக்கச் செய்தியாளர்கள் அந்த அரை நூற்றாண்டின் மிகப் பெரிய எதிர்பாராத வெற்றியாக இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பருவத்தில் சென்டர் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். 1922 ஜனவரி 2, டல்லாஸ். எதிரே டெக்சாஸ் ஏ அண்ட் எம்; மோரான் முன்பு பயிற்சி கொடுத்த அதே கல்லூரி. மெக்மில்லினுக்கு அன்று காலைதான் கல்யாணம்! டெக்சாஸ் வீரர்கள் அடுத்தடுத்துக் காயம்பட, பார்வையாளராக வந்திருந்த கிங் கில் என்ற மாணவர் சீருடை அணிந்து கடைசிவரை ஆயத்தமாக நின்றார். களமிறங்கத் தேவைப்படவில்லை, அவர்கள் 22-14 என்று வென்றார்கள். அந்தக் கல்லூரியின் ‘பன்னிரண்டாவது ஆட்டக்காரர்’ என்ற மரபு கில்லிடமிருந்தே தொடங்குகிறது.

மெக்மில்லின் பிறகு பயிற்சியாளர் ஆனார். 1945இல் இண்டியானா பல்கலைக்கழகம் ஒரு தோல்வியும் இல்லாமல் தன் வட்டாரப் பட்டத்தை முதல்முறை வென்றது அவர் பயிற்சியில்தான்.