பாளையங்கோட்டைப் பிணக்கும் சேலம் சமவெளியும்

சேலம் நகரில் ஹஸ்தம்பட்டிப் பக்கமாகச் செல்வோர் அங்கே கிறிஸ்துநாதர் ஆலயம் என்று ஒன்றைக் காணலாம். சென்னையில் செனட் மண்டபத்தைச் சமைத்த ராபர்ட் சிஷோம் என்ற சிற்பியே இதற்கும் வடிவம் வகுத்தார். 1870-களில் எழுந்த இவ்வாலயம் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வழிபடுவதற்காகக் கட்டப்பட்டது. ஆனால் அதே காலத்தில் சேலம் வட்டாரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், பிராட்டஸ்டண்டு நெறியினராயிருந்தும், இந்த ஆலயத்தின் மரபைச் சார்ந்தவர்கள் அல்லர். அவர்கள் அத்தியட்சர் இல்லாத, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் லண்டன் மிஷனெரி சங்கத்து மரபினர். ஓர் ஊர், ஒரே வேதம், இரண்டு மரபுகள். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு மாறிற்று என்பதே இன்று நாம் ஆராயப்புகும் வரலாறு. அதற்குச் சேலத்தை விட்டு முதலில் திருநெல்வேலிக்குச் செல்ல வேண்டும்.

இங்கிலாந்துத் திருச்சபைக்குள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய ஊக்கம் பிறந்தது. சடங்குகளினும் உள்ளத்தின் மனமாற்றமே பெரிது. வேதநூலைச் சாதாரண மக்களின் கையில் கொடுக்க வேண்டும். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று எண்ணிய ஒரு பகுதியார் அதனுள் வலுப்பெற்றனர். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்போர்ஸ் இவர்களுள் ஒருவர். இவர்களே 1799-இல் சர்ச் மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினர். சங்கம் தொடங்கியாயிற்று, ஆனால் வெளிநாடு செல்ல ஆங்கிலேயக் குருமார் எளிதில் முன்வரவில்லை. ஆகவே சங்கத்தார் ஜெர்மனியை நாடினர். அங்கே லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர்களையே தம் ஊழியர்களாக அனுப்பலாயினர். இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிற்காலப் பிணக்கின் வித்து மறைந்திருந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் தலைசிறந்தவர் ரேனியஸ் ஐயர். 1790-இல் பிரஷ்யாவில் பிறந்த அவர் 1814-இல் தமிழ்நாட்டை அடைந்தார். 1820-இல் பாளையங்கோட்டைக்குச் சென்றார். தமிழை ஆழக் கற்றார்; தமிழில் வேதநூலைத் திருத்தி மொழிபெயர்ப்பதில் ஈடுபட்டார்; தமிழ் இலக்கண நூலொன்றும் இயற்றினார். கிராமந்தோறும் பள்ளிகள் எழுந்தன. புதிதாகச் சேர்ந்தோர் தம் பழைய நிலக்கிழார்களால் துன்புறுத்தப்பட்டபோது, நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். டோனாவூர் அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று. பதினைந்து ஆண்டுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அவர் மேற்பார்வையில் இருந்த சபைகளைச் சேர்ந்தனர்.

இத்துணைச் சபைகளுக்கும் குருமார் வேண்டுமே! ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து நடத்தவும் உபதேசியார்களுக்கு உரிமையில்லை. தகுதியுள்ள தமிழ் உபதேசியார்களுக்குத் தாமே குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்றார் ரேனியஸ். லூத்தரன் முறையில் இது முற்றிலும் பொருந்தும். சங்கத்தாரோ, எங்கள் ஊழியர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் ஊழியர்கள். அத்தியட்சர் ஒருவர் கைவைத்தே பட்டம் பெறவேண்டும் என்றனர். இந்தியாவில் அப்போது கல்கத்தாவில் மட்டுமே அத்தியட்சர் இருந்தார். சென்னைக்கென்று ஓர் அத்தியட்சர் 1835-இல்தான் வந்தார். இதற்கிடையே இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைப் புகழ்ந்த ஒரு நூலை மறுத்து ரேனியஸ் கடுமையாக எழுதி வெளியிட்டார். சங்கம் அதைப் பொறுக்கவில்லை. 1835-இல் அவரைப் பணியினின்று நீக்கியது.

மாணவர்களாகிய நீங்கள், இது இரண்டு ஐரோப்பிய மரபுகளுக்கிடையே நேர்ந்த வழக்குத்தானே, தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் விளைவைத் தாங்கியவர்கள் தமிழர்களே. ஆர்க்காட்டுக்குச் சென்றுவிட்ட ரேனியஸைச் சபையார் பலர் வேண்டித் திரும்ப அழைத்தனர். அவரும் வந்தார். சபைகள் இரண்டு பட்டன. சில கிராமங்களில் இரு பக்கத்தாருக்கும் தனித்தனி உபதேசியார்கள். நேற்றுவரை ஒரு கூரையின்கீழ்ப் பாடியவர்கள் இன்று ஒருவரையொருவர் ஏற்காமல் நின்றனர். தமிழருக்குக் குருப்பட்டம் தருவது யார் என்ற வழக்கில், எந்தத் தமிழரின் கருத்தையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதை நான் அவ்வரலாற்றின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

1838-இல் ரேனியஸ் காலமானார். அவரோடு சங்கத்தை விட்டு விலகிய ஜெர்மானியத் தோழர்களுள் பிறர் மீண்டும் சர்ச் மிஷனெரி சங்கத்தோடு சமாதானம் ஆயினர். லெக்லர் என்பவர் மட்டும் திரும்பவில்லை. அவர் லண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்தார். 1840-இல் சேலத்துக்கு வந்தார். திருநெல்வேலியின் பிணக்கு இவ்வாறு ஒரு மனிதரின் உருவில் சேலம் சமவெளியை அடைந்தது.

சேலம் அப்போது திருநெல்வேலியைப் போன்றதன்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பெனியார் கைக்கு வந்த பிரதேசம் அது. நாமக்கல் முதலிய தெற்குத் தாலுகாக்களும் அதனுடன் சேர்ந்தே வந்தன. லண்டன் மிஷன் 1827-இல் இங்கே பணி தொடங்கியது. முதலில் வந்த ஹென்றி கிறிஸ்ப் நான்கே ஆண்டுகளில், 1831-இல், உயிர் நீத்தார். திருநெல்வேலியில் ஊர் ஊராக மக்கள் சேர்ந்ததுபோல் இங்கே நிகழவில்லை. நெசவாளரும் உழவரும் வணிகரும் நிறைந்த இச்சமவெளியில் இங்கொரு குடும்பம், அங்கொரு குடும்பம் என்றே சபை வளர்ந்தது. சிறு சபையாதலால் பிழைப்புக்கு வழி காண்பதே பெரும் பிரச்சினையாயிற்று. லெக்லர் இங்கே மாணவர் விடுதிகளோடு கைத்தொழிற் பள்ளியும் நடத்தினார். வேதம் படித்த பையன் உளியும் பிடிக்க வேண்டும் என்ற இக்கருத்து, அக்கால மிஷன்களில் எங்கும் காணப்பட்டதன்று. 1861-இல் அவர் மறைந்தார்.

பின்னர் வந்தது 1876-ஆம் ஆண்டு முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிகக் கொடுமையாகத் தாக்குண்ட ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் பத்தொன்பது இலட்சத்துக்கு மேலிருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881-இல் சுமார் பதினாறு இலட்சமாகக் குறைந்துவிட்டது. எண்களை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவ்வெண்களுக்குப் பின்னே அழிந்த குடிகளைச் சொல்லி முடியாது.

அப்பஞ்சம் தொடங்கிய ஆண்டிலேயே, 1876 மார்ச்சு மாதத்தில், சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் கனகராயன் திருச்செல்வம் பால் பிறந்தார். கே. டி. பால் என்றே நாடு அவரை அறியும். அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1874-இல், திருநெல்வேலியில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில், சர்ச் மிஷன் குருவானவர் ஒருவரின் மகனாக அசரியா பிறந்திருந்தார். ரேனியஸ் வழக்கில் எதிரெதிராக நின்ற இரு மரபுகளின் பிள்ளைகள் இவ்விருவரும். சேலத்தவருக்கு அத்தியட்சர் இல்லை. வெள்ளாளன்விளையாருக்கு அத்தியட்சர் இன்றிச் சபையே இல்லை. இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர்கள்.

1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. வங்கப் பிரிவினையால் சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பொங்கிய ஆண்டு அது என்பதை மறவாதீர்கள். இந்தியரின் பொருள், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் ஆகியவற்றாலேயே இச்சங்கம் நடக்க வேண்டும் என்பது விதி. அதைவிட முக்கியமான வேறொரு விதியும் இருந்தது: புதிய சபைப்பிரிவு எதையும் இது உண்டாக்கக் கூடாது. எந்த வட்டாரத்தில் எந்தச் சபை இருக்கிறதோ அதனுடன் இணைந்தே வேலை செய்ய வேண்டும். அசரியா இதன் முதற் பொதுச் செயலாளர். அவர் 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகச் சென்றபின், அப்பொறுப்பு சேலத்துக் கே. டி. பாலிடம் வந்தது. சங்கம் பஞ்சாபில் முதற்களத்தைத் திறந்தது. தமிழ்நாட்டில் அது தேர்ந்துகொண்ட களம் சேலம் ஜில்லாவின் ஓமலூர் வட்டாரம்.

பால் பின்னர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரானார். நகரத்து வாலிபருக்கு விளையாட்டுக் கூடமும் வாசகசாலையும் அமைத்து வந்த அச்சங்கத்தை அவர் கிராமத்துக்கு இழுத்துச் சென்றார். கூட்டுறவுக் கடன் சங்கம், கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, இரவுப் பள்ளி என்று கிராமப் புனரமைப்புத் திட்டம் விரிந்தது. பஞ்சத்தின் நிழலில் பிறந்த ஒருவருக்கு உழவனின் கடன் பெரிதாகப்பட்டதில் வியப்பில்லை. 1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவப் பிரதிநிதியாகச் சென்ற அவர், கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கொள்கையை ஏற்காதவர். 1931 ஏப்ரலில், ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

அசரியாவின் வழி வேறு. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை மரபில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல் முறை. 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் முப்பத்துமூவர் கூடினர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். தலைமை வகித்தவர் அசரியா. மேல்நாட்டிலிருந்து வந்த பிரிவினைகள் நம்மால் உண்டாக்கப்பட்டவையல்ல, நாம் விரும்பியவையுமல்ல என்ற கருத்தை அவர்கள் அறிக்கையாக வெளியிட்டு, ஒரே சபையாக இணைய வேண்டும் என்று கோரினர். லண்டன் மிஷன் சபைகள் ஏற்கெனவே 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்திருந்தன. இனி ஆங்கிலிக்கரோடு இணைவது எங்ஙனம் என்பதே கேள்வி.

பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது! தடையாக நின்றது வேறெதுவுமன்று, ரேனியஸைப் பலிகொண்ட அதே குருப்பட்டக் கேள்விதான். அத்தியட்சரின் கை படாத குருமார் உண்மையில் குருமார்களா? ஐயுற்று மீண்டும் பட்டம் கொடுத்தால், சேலம் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த ஊழியம் பொய்யென்றாகும். கொடாவிட்டால் ஆங்கிலிக்கரின் மனச்சாட்சி ஒப்பாது. முடிவில் கண்ட வழி இது: இணையும் சபைகளின் குருமார் எல்லோரும் உள்ளபடியே ஏற்கப்படுவர், எவருக்கும் மறுபட்டம் இல்லை. ஆனால் இணைப்புக்குப் பின் பட்டம் பெறுவோர் அனைவரும் அத்தியட்சர்களிடமே பெறுவர். முப்பது ஆண்டுகளில் இருவகையாரும் ஒருவகையாராகிவிடுவர் என்று கணித்தனர். சமரசம் என்று இதை இகழ்ந்தோர் இரு பக்கமும் உண்டு. என் மதிப்பில், காலத்தையே மருந்தாக்கிய இந்த ஏற்பாடு மிக்க அறிவுடையது.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலையடைந்து ஆறு வாரம் ஆகியிருக்கையில், சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் அதில் அடங்கினர். அசரியா அதைக் காணவில்லை. 1945 புத்தாண்டு தினத்தன்றே மறைந்துவிட்டார். எல்லோரும் இணையவுமில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கரில் பலர் விலகி நின்றனர். நாமக்கல் பக்கத்தில் ஊழியம் செய்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனும் இவ்விணைப்பில் சேரவில்லை. அவர்களுள் கொல்லிமலையில் வாழ்ந்து, மருந்தும் தச்சுவேலையும் கற்றுத்தந்து, 1929-இல் காய்ச்சலால் அங்கேயே மாண்ட ஜெஸ்ஸி பிராண்டு நினைக்கத்தக்கவர். வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற பால் பிராண்டு அம்மலையில் வளர்ந்த அவர் மைந்தரே.

1950-இல் கோயம்புத்தூர் அத்தியட்சாதீனம் அமைந்தபோது சேலம் அதன் எல்லைக்குள் வந்தது. அத்தியட்சரை அறியாத லண்டன் மிஷன் சபைகளும், உத்தியோகஸ்தரின் கிறிஸ்துநாதர் ஆலயமும் ஒரே குடையின்கீழ் ஆயின. அங்கே முதல் அத்தியட்சராக அமர்ந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதிய அறிஞர், ஆங்கிலிக்கன் குரு. அவர் பிறந்த ஊர் பாளையங்கோட்டை.