வங்கம் தந்த தேவதாஸ்

நாம் வாழும் கொல்கத்தா மாநகர் தமிழ்த்திரைக்கு ஈந்த கொடைகளுள் ஒன்று தேவதாஸ் கதை. சரத் சந்திரரின் புதினம் 1917இல் வெளிவந்தது. 1935இல் இந்நகரின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் அதனை வங்கமொழியில் படமாக்கினர். பிரமதேஷ் பரூவா இயக்கி, நாயகனாகவும் நடித்தார். 1953இல் நாகேசுவரராவும் சாவித்திரியும் நடித்த படம் அக்கதையைத் தமிழர் நெஞ்சில் நிறுத்தியது.

பார்வதி அண்டை வீட்டுப் பெண். பெண் கொடுத்துப் பணம் பெறும் குடியென ஜமீன் குடும்பம் அவளை மறுத்தது. புதினத்தில், நள்ளிரவில் அஞ்சாது அவனைத் தேடி வந்தவள் அவளே. அவனோ கொல்கத்தாவுக்கு வந்து, பெற்றோரை வருத்த இயலாதென மடல் எழுதினான். மதுவுக்கு முன்பே அவனைக் கொன்றது அக்கோழைமை அன்றோ!

தேவதாசுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் மகன் ஒரு பார்வதியின் பெயரைச் சொல்லும் நாளில், அவன் தந்தை சொன்ன விடையையே சொல்லப்போகிறோமா?